முகமும் மணியும்: விக்டோரியா கால அணியொன்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

அண்மையில் எம்மூர்க் கைப்பணிக் காட்சி ஒன்றிலே, பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண் ஒருத்தி இயற்றிய பதக்கம் ஒன்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கறுப்பு நிலத்திலே வெண்ணிறப் பெண்முகம் ஒன்று பக்கப்பார்வையாகப் புடைத்து நின்றது. அதனைச் சூழப் பாசிமணிகள் மூன்று வரிசையாகத் தைக்கப்பட்டிருந்தன. விக்டோரியா மகாராணி காலத்து மேனாட்டு அணியொன்றின் படத்தைப் பார்த்து இயற்றியதாக அப்பெண் கூறினாள். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர் அதனை எடுத்து, உள்ளங்கையில் ஏந்தி நிறை பார்த்து, "பிள்ளை, இதிலை எத்தினை பவுண்?" என்று வினவினார். "பவுண் ஒண்டும் இல்லை, ஆச்சி. எல்லாம் பாசிமணி" என்றாள் பெண். "அப்ப இதாலை என்ன பிரயோசனம்?" என்று சொல்லிப் பதக்கத்தை மேசைமீது வைத்துவிட்டு மூதாட்டி அப்பாற் சென்றார்.

அவ்வினா எள்ளி நகையாடத் தக்கதன்று. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்திக்கு நகை என்பது அழகுப்பொருள் மட்டுமன்று. அதுவே அவளது சீதனம், அவளது சேமிப்பு, இடர் வந்துற்றவிடத்துக் கைகொடுக்கும் துணை. ஆயினும் அவ்வினாவினுள் ஒரு மதிப்பீடு மறைந்து கிடக்கின்றது. அணியின் பெறுமதி அதன் நிறையில் உள்ளதா, அதிற் படிந்த கைவேலையில் உள்ளதா என்பதே அது. இக்கேள்விக்கு விடைகாண வேண்டுமாயின் அப்பெண் பார்த்தியற்றிய மேனாட்டு அணியின் இயல்பையும், அதே காலத்திலே எம் முன்னோர் இயற்றிய அணிகளின் இயல்பையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.

மேனாட்டார் 'கமியோ' என வழங்கும் அணி மிகப் பழைமையானது. இரு நிறம் அடுக்காய் அமைந்த கல்லிலே, மேலடுக்கை உருவமாகச் செதுக்கிக் கீழடுக்கை நிலமாக விடுவதே அதன் நுட்பம். உரோமப் பேரரசன் அகத்தசின் பெருமையைக் காட்டும் பெரியதொரு கமியோக்கல் இன்றும் வியன்னா அரும்பொருளகத்தில் உள்ளது. விக்டோரியா அரசி ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலப்பகுதியில் இவ்வணி புத்துயிர் பெற்று நடுத்தர மக்களிடையும் பரவிற்று. கல்லுக்குப் பதிலாகக் கடற்சிப்பியைச் செதுக்கும் தொழில் இத்தாலியிலே, நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள தொறே டெல் கிறேக்கோ என்னும் ஊரிற் செழித்தது. அரசி 1862இல் நிறுவிய விக்டோரியா அல்பேட் விருதின் சின்னமும், அரசியும் அவள் கணவரும் பக்கமுகமாகத் தோன்றும் கமியோவே.

இவ்வணியின் பெறுமதி எங்கே உள்ளது? சிப்பி கடல் தரும் பொருள். அதன் விலை சொற்பம். அதனைச் சூழ்ந்த பொற்கட்டும் மெல்லியதே. செதுக்கியவனுடைய உளியே அதற்கு விலை தந்தது. நெற்றியின் வளைவையும் கூந்தலின் இழைகளையும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பிலே வெளிப்படுத்துவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! தடிப்புக் குறைந்த இடத்திலே கீழ்நிலத்தின் கருமை மெல்லென ஊடுருவித் தோன்ற, கன்னத்தில் நிழல் படிந்தாற்போலக் காட்டுதல் கைதேர்ந்தோனுக்கே இயலும். ஆகவே, கமியோ என்பது நிறையை முற்றாக மறந்து வேலையை மாத்திரம் போற்றும் அணி எனலாம். முத்தோ மணியோ அதனைச் சூழ வைக்கப்படுமிடத்து, நடுவிலுள்ள முகத்துக்குப் பணிசெய்வதே அவற்றின் கடமை.

இனி, அக்காலத்திலே யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது யாது? எம்மிடம் சிப்பி இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துக் கடலிலும் மன்னார்க் கடலிலும் குளித்தெடுத்த சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்துக்குச் சென்று, அங்கே அறுக்கப்பட்டு வளையல்களாயின. ஆனால், சங்கு உள்ளும் புறமும் ஒரே வெண்மையுடையது. கமியோவுக்கு வேண்டிய இருண்ட கீழடுக்கு அதற்கில்லை. ஆதலின் சங்கு வளையாயிற்று, முகமாகவில்லை. மேனாட்டு அரசியின் பக்கமுகம் எம் மகளிர் கழுத்தைச் சேர்ந்தது வேறொரு வழியால் என்க. அவ்வழி பவுண் காசு.

கமியோவும் பவுண் காசும் தூரத்து உறவினவல்ல. ஒரே கைமரபிற் பிறந்தவை. 1817இல் வெளியான புதிய பவுண் காசின் பின்புறத்திற்குக் குதிரைமீதமர்ந்து பாம்புருவைக் கொல்லும் சென் ஜோர்ஜ் வீரனை வடித்தவர் பெனடெற்றோ பிஸ்திருச்சி என்னும் இத்தாலியர். கமியோ செதுக்குதலே அவரது தொழில். அவர் செதுக்கிய மலர்த்தேவி கமியோ ஒன்றை இலண்டன் அறிஞர் ஒருவர் பழங்கால உரோமப் பொருளென நம்பி வாங்கியதும், அது தம் கைவேலையே எனப் பிஸ்திருச்சி கூறியபோது ஏற்க மறுத்ததும் கலையுலகம் அறிந்த செய்தி. கல்லும் ஒன்று, வேலையும் ஒன்று. மாறியது பார்ப்பவர் மனத்திலிருந்த மதிப்பு மாத்திரமே. அதே காசின் முன்புறத்தில் விக்டோரியாவின் இளமுகத்தை வடித்தவர் வில்லியம் வையன். 1838இல் வந்த அம்முகம் 1887 வரை மாறவில்லை. அரசி மணமுடித்தாள், கணவனை இழந்தாள், மூதாட்டியானாள். காசிலிருந்தவளோ கன்னியாகவே இருந்தாள். முக்காடிட்ட முதுமுகம் 1893இலேயே காசில் ஏறிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து ஆடவர் பலர் மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமையாற்றினர். அவர் உழைப்பின் ஒரு பகுதி ஊருக்குப் பொன்னாகத் திரும்பிற்று. பவுண் காசு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.99 கிராம் நிறையும் 22 கரற் மாற்றும் உடையது, ஏமாற்றத்துக்கு இடமில்லாதது. ஆகவே அதனை உருக்கி நகையாக்குதலும் எளிது. உருக்காமலே வளையமிட்டுக் கோத்தலும் எளிது. காசுமாலையிலும் தாலிக்கொடியிலும் அரசியின் முகம் புகுந்த வரலாறு இதுவே.

இங்கேதான் எம் பத்தர்களின் கலைநோக்கை நாம் உற்றுநோக்குதல் வேண்டும். அரசியின் முகத்தை நடுநாயகமாக வைத்துச் சுற்றிலும் மணி பதித்து அணி செய்ய அவர் கருதினாரல்லர். காசின் விளிம்பில் வளையத்தைப் பற்றவைத்தார். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தார். நெருங்கிய காசுமாலையிலே ஒரு காசு மறுகாசின் மீது சாய்ந்து கிடக்கும். முகம் பாதி மறையும். அசையும்போது காசு புரண்டு, முகமிருந்த இடத்திலே குதிரைவீரன் தோன்றுவான். அதுபற்றி அணிந்தவளும் கவலை கொள்ளாள். செய்தவனும் கவலை கொள்ளான். மேனாட்டிலே முகம் தலைவி, மணி பணிப்பெண். இங்கோ முகமே மணிகளுள் ஒரு மணியாயிற்று.

இது கலையுணர்ச்சியின் குறைபாடு என்று சிலர் கருதலாம். அக்கருத்துப் பொருந்தாது. காசு என்ற சொல்லின் வரலாறே இதற்குச் சான்று. குறுந்தொகையின் 67ஆம் செய்யுளில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் வளைந்த வாயிலே பற்றிய வேப்பம்பழத்துக்கு, புதிய நூலிற் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் நகநுனியிற் பற்றிய பொற்காசு ஒன்றை உவமை கூறுகின்றார். வேப்பம்பழம் தட்டையானதன்று, உருண்டு நீண்டது. எனவே அங்குக் காசு என்றது உருண்ட மணியை என்பது தெளிவு. தமிழரிடையே காசு கோக்கப்படும் பொருளாகவும் விளங்கிற்று. மேனாட்டுப் பவுண் இங்கு வந்தபோது பத்தர் அதனை ஒரு புதிய மணியாகவே கண்டார். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் அவர் விரல்நுனியில் இருந்தது.

முகம் பற்றிய எம் மரபும் வேறு. கமியோவிலுள்ள முகம் பக்கம் நோக்குவது, காண்பாரைக் காணாதது. கோயிலிற் பயின்ற கண்ணோ நேர்முகத்தையே நாடும். காசுமாலையில் மேனாட்டுக் காசுக்கு மாற்றாகத் திருமகள் காசு வந்தபோது, வட்டமும் விளிம்பும் அவ்வாறே நிற்க, பக்கமுகம் நீங்கி நேர்நோக்கி அமர்ந்த முழுவுருவம் இடம்பெற்றமை கருதத்தக்கது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக்காசிலும் அரசனது பக்கமுகத்தைக் காண்கிலம். ஒருபுறம் நின்ற உருவம். மறுபுறம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்னும் எழுத்து. ஆட்சிக்கு அடையாளம் முகமன்று, இலச்சினை என்பதே அக்காசின் கொள்கை.

இவ்வளவும் கூறியபின், காட்சியிற் கண்ட பதக்கத்துக்கு வருவோம். அதனை நேர்மையாக மதிப்பிட வேண்டுமாயின், அது எவ்வாறு இயன்றது என்பதை அறிதல் வேண்டும். நடுவிலுள்ள முகம் நாற்பதுக்கு முப்பது மில்லிமீற்றர் அளவான பிசின் வார்ப்பு; அச்சிலிட்டு ஆயிரக்கணக்கில் எடுப்பது; கடையிற் கிடைப்பது. அதனை விறைப்பான துணியில் ஒட்டி, அதன் விளிம்பையொட்டி ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் அளவான பாசிமணிகளைப் பின்தையலாற் சுற்றித் தைப்பர். அவ்வரிசையின்மீது ஒன்றுவிட்டொன்றாக மணிகளைக் கோத்து மதில்போல எழுப்புவர். இறுதி வரிசைக்கு அவற்றினுஞ் சிறிய மணிகளை இட்டு நூலை இறுக்க, மதில் உள்நோக்கிச் சாய்ந்து வார்ப்பைப் பற்றிக்கொள்ளும். பசை காய்ந்து விட்டுப்போனாலும் முகம் கழன்று விழாது. பின்புறத்திலே தோல் வைத்து ஓரம் தைத்தால் வேலை முடியும்.

இப்பெண்ணின் தையல் குறைசொல்ல முடியாதது. மணிகள் ஒரே சீராக அமர்ந்துள்ளன. நூல் எங்கும் வெளித்தோன்றவில்லை. இறுதி வரிசை நன்கு இறுகியுள்ளது. ஆயினும் இரண்டு குறைகள் உள. ஒன்று சிறிது, மற்றது பெரிது. சிறியது யாதெனில், கருஞ்சிவப்பு மணிகள் இரு வரிசை வைத்தவள் மூன்றாவதாகப் பளபளக்கும் பொன்னிற மணிகளை வைத்துவிட்டாள். கமியோவின் உயிர் வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள அமைதியிலேயே உள்ளது. சூழும் மணி நிலத்தின் நிறத்தைச் சார்ந்து அடங்கி நிற்றல் வேண்டும். மணி முகத்தைவிட மின்னினால் முகம் மங்கும்.

பெரிய குறை அவளுடையது மாத்திரமன்று. இவ்வகை அணி இயற்றுவோர் பலருக்கும் பொதுவானது. விக்டோரியா கால அணியிலே கைவேலை இருந்தது முகத்தில். அதனாலேயே முகத்துக்கு நடுவிடம் கிடைத்தது. இங்கோ முகம் அச்சிலிருந்து வந்தது. கைவேலை முழுவதும் மணியில் உள்ளது. வடிவத்தை மாத்திரம் பின்பற்றியதால் பொருள் தலைகீழாயிற்று. அச்சுக்குச் சிங்காசனமும் கைக்கு ஓரமும் கிடைத்தன. ஒரு கிழமை கண்விழித்துக் கோத்த மணிகள், சில ரூபாய்க்கு வாங்கிய வார்ப்புக்குக் காவல் நிற்கின்றன. பார்ப்பவர் முகத்தைப் பார்த்து, "இது கடையில் உள்ளதே" என்று கூறி அகல்வர்.

எம் பத்தர் இதே இக்கட்டை எதிர்கொண்டவர் அல்லரோ? பவுண் காசும் அச்சிற் பிறந்ததே. வையனும் பிஸ்திருச்சியும் வடித்தது மூலத்தை. காசோ இயந்திரம் கோடிக்கணக்கில் அடித்து வெளியிட்டது. அந்த அச்சுமுகத்தைத் தம் வேலைக்குத் தலைமையாக்காமல், தம் கோவையில் ஓர் உறுப்பாக்கியமையால் பத்தர் தம் கைக்குரிய மதிப்பைக் காத்துக்கொண்டார். அறிந்து செய்தாரோ, மரபின் வழியே செய்தாரோ; செய்தது சரி. கமியோ இயற்ற விரும்பும் எம் பெண்கள் கற்கவேண்டிய பாடம் இலண்டன் படப்புத்தகத்திலே இல்லை. தம் பேத்தியாரின் காசுமாலையிலே உள்ளது. வார்ப்பைச் சிறிதாக்குக, மணியைப் பெருக்குக, முகம் கோவையின் ஒரு கண்ணியாக நிற்கட்டும். அன்றேல் முகத்தையும் தம் கையாலேயே மணிகொண்டு நெய்க. பக்கப்பார்வையே வேண்டுமாயின், பக்கப்பார்வையாகவே படுத்திருக்கும் சேதுக்காசின் நந்தி இருக்கின்றது. திமிலும் கொம்பும் வளைந்த கழுத்தும் வெண்மணியில் எடுத்துக் கருமணி நிலத்தில் அமைத்தற்கு ஏற்ற உருவம் அதனினும் வேறில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். அயலார் அணியை எடுத்தாளுதல் தகுமோ என்பது அது. யாழ்ப்பாணத்து வழிவந்த சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகிய கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, 1905இலே கண்டியில் வெளியிட்ட 'இரவற் சிறகுகள்' என்னும் சிறுநூலில், மேனாட்டு உடையை நம்மவர் கண்மூடி மேற்கொள்வதைக் கடிந்தார். 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலோ உள்நாட்டுக் கைவினைஞரின் தொழிற்றிறனை உலகறியச் செய்தது. அவர் அந்நூலை அச்சிட்டது, இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் முன்பு பயன்படுத்திய கையச்சுப்பொறியில் என்பதை மறத்தலாகாது. அயலாரின் உருவத்தை இரவல் வாங்குதல் வேறு; அயலார் கைவேலைக்குத் தந்த மதிப்பைக் கற்றுக்கொள்ளுதல் வேறு. முன்னையதை அவர் வெறுத்தார். பின்னையதை அவரே மேற்கொண்டார்.

விக்டோரியா காலத்திடமிருந்து நாம் பெற்றதையும் பெறாததையும் இப்போது எண்ணிப் பார்க்கலாம். அரசியின் முகம் எம்மிடையே நிலைக்கவில்லை. பொன்னுருக்கு நாளிலே பொற்காசை உருக்குவது எம் வழக்கு. அரசியின் முகம் பொறித்த காசு அவ்வாறு உமியோட்டிலே உருகி, முகமழிந்து, மங்கலப் பொன்னாயிற்று. அதில் ஓர் அழகு உண்டு. ஆனால் முகம் போனபின்னும் அவளது நிறை போகவில்லை. 8 கிராம் பொன்னை இன்றும் ஒரு பவுண் என்றே சொல்கின்றோம். பெண்ணின் சீதனத்தைப் பவுணிலேயே எண்ணுகின்றோம். மூதாட்டியின் உள்ளங்கை அந்த நிறையையே தேடுகின்றது. அவள் காலத்தவர் நிறையற்ற சிப்பியின் வேலைக்கு விலை தந்தனர். நாமோ அவள் காசின் நிறையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதனால் விளைந்த கேடு சிறிதன்று. பழைய அட்டியலொன்றைக் கடைக்குக் கொண்டுசென்றால் கல்லும் மணியும் கழித்துப் பொன்னுக்கே விலை பேசப்படும். செய்தபோது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வாரா. வேலைக்கு விலையில்லை என்றால், வேலையைக் காக்க எவருக்கும் மனம் வாராது. போர்க்காலத்தின் இழப்பை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் முடிவிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊர்விட்டுப் பெயர்ந்தபோது கையிற் கொண்டுபோகக் கூடியதாய் இருந்தது நகையே. பின்னர் அது அரிசிக்காயிற்று, மருந்துக்காயிற்று, பிள்ளையின் வெளிநாட்டுப் பயணத்துக்காயிற்று. அடைவு வைத்தது மீளாமற் போயிற்று. உயிர்காக்க விற்றதை எவரும் குறைகூறார். ஆனால் அந்நகைகளுடன் எத்தனை வகைக் கோவைகள், எத்தனை வகைப் பூட்டுகள், எத்தனை பத்தர்களின் கைத்தனிமை உருகிப்போயின என்பதற்குக் கணக்கில்லை. யாழ்ப்பாண நகரிலே தட்டாதெரு என்னும் பெயர் நிற்கின்றது. அத்தெருவின் பெயருக்குக் காரணரான கைகள் இயற்றியவற்றுள் எவை நிற்கின்றன?

சிலப்பதிகாரம் எமக்குச் சொல்லிய நீதி ஒன்று உண்டு. பாண்டியன் தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றின. வழக்கைத் தீர்த்தது பொன்னன்று. உள்ளே இருந்த பரல். ஒன்றில் முத்து, மற்றொன்றில் மாணிக்கம். பொன்னின் நிறையை மட்டும் பார்த்திருந்தால் உண்மை ஒருநாளும் வெளிப்பட்டிராது. மணியைக் கழித்துவிட்டுப் பொன்னை நிறுக்கும் கடைத்தராசு, அந்தப் பரலைப் பாராத தராசு.

கற்றோரும் மாணவரும் இங்குச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. தத்தம் இல்லத்திலுள்ள பழைய அணிகளை, அவை விற்கப்படுமுன் அல்லது மாற்றிச் செய்யப்படுமுன், வரைந்தும் படமெடுத்தும் வைத்தல் வேண்டும். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் முதியோரிடம் கேட்டெழுதல் வேண்டும். காசு இருப்பின் அதிலுள்ள முகம் எது, ஆண்டு எது, வளையம் எவ்விடத்தில் எவ்வாறு பற்றவைக்கப்பட்டது, இடையிலுள்ள மணி பவளமா முத்தா கண்ணாடியா எனக் குறித்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை; ஒரு விடுமுறை நாளும் ஒரு கொப்பியும் போதும். பொன் உருகினும் வேலையின் அறிவு உருகாமல் நிற்கும். மணித்தையல் பயிலும் பெண்களுக்கு அக்கொப்பியே சிறந்த மாதிரிநூலாகும்.

அன்று அந்தப் பெண் மூதாட்டிக்கு விடைகூறாது நின்றாள். மறுமுறை யாரேனும் அவ்வாறு வினவினால், "இதிலை பவுண் இல்லை, ஆச்சி; ஒரு கிழமை வேலை இருக்கு" என்று அவள் தலைநிமிர்ந்து சொல்லலாம். சொன்னபின், "உங்கடை காசுமாலையை ஒருக்கால் காட்டுங்கோ, அது கோத்த விதத்தைப் பாக்கவேணும்" என்று கேட்கவும் வேண்டும்.